போனில் இருந்த அப்பா

சலவை ஆலையில் அவளும் நானும் வருஷக்கணக்காக ஒரே மேசையில் வேலை பார்த்தோம். ஆஸ்பத்திரி விரிப்புகள் எங்கள் பங்கு. தொட்டிகளில் வெளுத்து, பிழிந்து, சூட்டு உருளைக்குள் போய் மறுபக்கம் பலகை மாதிரி விறைத்துக்கொண்டு வரும். வந்த சூட்டோடு ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, ஓர் உதறு உதறி, இழுத்து, நீளவாக்கில் இரண்டு மடிப்பு போட வேண்டும். பிறகு இரண்டு பேரும் எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். நாளைக்கு நானூறு விரிப்பு. அதாவது நாளைக்கு நானூறு தடவை அவள் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் கிட்டே வரும். அவள் வாய் திறக்காவிட்டாலும் அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்துவிடும். இழுக்கிற இழுப்பிலேயே தெரியும்.

ஒரே கட்டடத்தில் குடியிருந்தோம். நான் கீழே, அவர்கள் மேலே. அவள் வீட்டுக்காரர் பட்டாளத்தில் லாரி ஓட்டினார். தெருவுக்கே அவர் டிரைவர்தான். போவதற்கு முன்னால் அவர் இருந்த இருப்பை நான் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் புரியாது. கட்டடத்தில் யாருக்கு காஸ் சிலிண்டர் வந்தாலும் அவர்தான் தோளில் வைத்து ஏற்றுவார். ஏறும்போது ஒவ்வொரு மாடியிலும் நின்று, "அடுத்த நிறுத்தம் இரண்டாம் மாடி, இறங்குறவங்க இறங்கிக்கலாம்" என்று கத்துவார். என் சமையலைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. "எங்க வீட்டுல நான் டிரைவர் இல்ல அக்கா, வெறும் கிளீனர். ஓட்டுறது அவதான்" என்பார். அவள் உள்ளேயிருந்து, "கிளீனர் முதல்ல அந்தப் பாத்திரத்தக் கழுவட்டும்" என்பாள். கழுவுவார்.

மகள் குட்டிக்கு மூன்று வயது நடக்கும்போது அவரை எல்லைக்கு அனுப்பினார்கள். ஒரு வருஷம் என்று சொன்னது மூன்று வருஷமாக நீண்டது. இரண்டு தடவை லீவு கிடைத்து இரண்டு தடவையும் ரத்தானது. வாரத்துக்கு ஒரு நாள் போனில் முகம் பார்த்துப் பேசுவார். ஐந்து நிமிஷம், நன்றாக இருந்தால் பத்து நிமிஷம். முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். குரல் மட்டும் வந்துகொண்டிருக்கும். குட்டி அந்த ஐந்து நிமிஷத்துக்காக வாரம் முழுக்கச் செய்தி சேர்த்து வைப்பாள். பல் ஆடுவது, பூனை குட்டி போட்டது, கீழ்வீட்டு அத்தை பிரெட்டைத் தீய்த்தது எல்லாம் அவருக்குப் போய்ச் சேரும். கீழ்வீட்டு அத்தை நான்தான்.

அந்த மூன்று வருஷம் அவள் வீட்டைத் தனியாக ஓட்டினாள். தனியாக என்றால் முழுக்கத் தனியாக இல்லை. அவள் அண்ணன் பஸ் டிப்போவில் மெக்கானிக். இரண்டு தெரு தள்ளி இருந்தார். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தூக்கிக்கொண்டு ஓடியது அவர். பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது அவர். சைக்கிள் பழக்கியதும் அவர்தான். அவளும் மாறினாள். மின்சாரப் பலகையில் எது எந்த வீட்டு ஃபியூஸ் என்று தெரிந்துகொண்டாள். ஆலையில் மடிப்புப் பிரிவுக்கு அவளைத்தான் மேற்பார்வைக்குப் போட்டார்கள். சாயங்காலம் வேலை முடிந்து குழந்தையைப் படிக்க உட்கார வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் காலை நீட்டிக்கொண்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். அந்த அரை மணியை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

அவர் திரும்பி வந்த அன்றைக்கு, சாயங்காலம் வருவதாகத்தான் செய்தி. அவள் அரை நாள் லீவு மட்டும் சொல்லியிருந்தாள். ஆனால் பத்து மணிக்கே ஆலை வாசலில் வந்து நின்றார். நாங்கள் ஒரு விரிப்பைப் பாதி மடித்திருந்தோம். காவல்காரர் வந்து, உன்னைத் தேடி யாரோ ஒரு ஆள் என்றார். அவள் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி அடுத்த மடிப்பைப் போட்டாள். யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. நின்ற நிற்பு அவருடையதாக இல்லை. அவர் ஒரு காலில் சாய்ந்து, இடுப்பில் கை வைத்து நிற்கிற ஆள். வாசலில் நின்றவர் சுவரில் முதுகு ஒட்டி, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவள் ஓடினாள். எல்லாரும் கைதட்டினோம். கைதட்டல் சத்தத்துக்கு அவர் தோள் ஒரு தரம் குலுங்கியதை நான் பார்த்தேன். சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு வாரம் வீட்டில் விருந்து மாதிரித்தான் இருந்தது. அண்ணன் தினமும் எதையாவது வாங்கிக்கொண்டு வந்தார். அதன் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. தட்டு வைத்த ஐந்தாவது நிமிஷம் சாப்பிட்டு எழுந்துவிடுவார். என்ன சாப்பிட்டீர்கள் என்றால் சொல்லத் தெரியாது. வாசலைப் பார்த்த நாற்காலியில்தான் உட்காருவார். அது குட்டியின் நாற்காலி. விடிவதற்கு முன்னால் எழுந்து எல்லாக் கதவுத் தாழ்ப்பாளையும் ஆட்டிப் பார்ப்பார். ஒரு நாள் அவள் வேலை முடிந்து போனபோது சமையல்கட்டு முழுக்க மாற்றி அடுக்கியிருந்தது. உப்பு ஒரு வரிசை, பருப்பு ஒரு வரிசை, எல்லாவற்றுக்கும் காகிதம் ஒட்டி எழுதியிருந்தது. நல்ல மனசோடுதான் செய்திருந்தார். அவள் டீத்தூள் தேடி ஐந்து நிமிஷம் நின்றிருக்கிறாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு வந்து என்னிடம் ஒரு கப் டீ கேட்டாள்.

"என் வீட்டுல எனக்கே வழி தெரியல அக்கா" என்றாள்.

கொஞ்ச நாள் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்றேன். அந்த ஒரு வாக்கியத்தை அந்த மாதத்தில் எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

அண்ணன் டிப்போவில் பேசி அவருக்கு ஒரு பஸ் ஓட்டும் வேலை வாங்கிக் கொடுத்தார். ஒரே ஒரு நாள்தான் ஓட்டினார். நடுரோட்டிலேயே ஓட்டியிருக்கிறார். ஓரத்தில் கிடந்த குப்பை மூட்டையைப் பார்த்ததும் வண்டியை எதிர்ப்பக்கத்துக்கே கொண்டுபோயிருக்கிறார். ஆள் நின்ற நிறுத்தங்களில் நிறுத்தவில்லை. முதலில் பயணிகள் சிரித்தார்களாம், இன்னிக்கு எக்ஸ்பிரஸ் என்று. ஏழாவது நிறுத்தமும் போன பிறகு யாரும் சிரிக்கவில்லை. கண்டக்டர் பக்கத்தில் போய்க் கேட்டதற்கு, கூட்டமா நிக்கிற இடத்துல நிறுத்தக் கூடாது என்று சாதாரணமாகச் சொன்னாராம். அண்ணன்தான் போய் அவரை இறக்கிக் கூட்டி வந்தார். அதன் பிறகு அவர் சாவியைத் தொடவில்லை. தெருவில் எல்லாரும் அவரை டிரைவர் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது?

இதையெல்லாம் விட அவளை உடைத்தது குட்டி கேட்ட ஒரு கேள்வி. குட்டி அவரிடம் மரியாதையாகத்தான் இருந்தாள். கேட்டால் பதில் சொல்வாள். கூப்பிட்டால் வருவாள். ஒரு விருந்தாளியிடம் இருப்பது போல. ஒரு நாள் காலையில் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது அம்மாவிடம் மெதுவாகக் கேட்டிருக்கிறாள்.

"அம்மா, இந்த அப்பா வந்துட்டாங்க. போன்ல இருந்த அப்பா எப்ப வருவாங்க?"

அதைச் சொன்ன அன்றைக்கு அவள் இழுத்த இழுப்பில் விரிப்பு என் கையை விட்டுப் போய்த் தரையில் விழுந்தது. அவள் குனிந்து எடுத்து, அழுக்குப் பட்டுவிட்டது என்று மறுபடி வெளுக்கப் போட்டாள். அவ்வளவுதான். அழவில்லை. அந்த மூன்று வருஷத்திலும் அவள் அழுது நான் பார்த்ததில்லை.

திரும்பி வந்தவர்களுக்கென்று பட்டாளத்தில் ஒரு நலப்பிரிவு இருந்தது. செவ்வாய்தோறும் ஒரு கூடத்தில் வட்டமாக உட்கார வைத்துப் பேசச் சொல்வார்கள். அவர் போக மாட்டேன் என்றுவிட்டார். எனக்கு என்ன, கை இருக்கு, கால் இருக்கு என்றார். அதனால் அவள் போனாள். குடும்பத்தாருக்கென்று தனியாக ஒரு மணி நேரம் உண்டு. அதை நடத்தியது நரை விழுந்த ஒரு பெண்மணி. முன்னாள் ராணுவ நர்ஸ். அவர் சொன்னதையெல்லாம் அவள் மறுநாள் மேசையில் எனக்குச் சொல்வாள், ஒரு மடிப்புக்கு ஒரு வரியாக. தூங்கும்போது தொட்டு எழுப்பாதே, கால்மாட்டில் நின்று பேரைச் சொல்லிக் கூப்பிடு. பின்னாலிருந்து போகாதே. அவர் வேறு எங்கோ இருக்கிறார் என்று தெரிந்தால், அங்கே ஒன்றும் இல்லை என்று வாதாடாதே. அவர் கேட்கிற கேள்விக்கு உண்மையாக ஒரு பதில் சொல். வீட்டில் அவருக்கென்று ஒரு வேலை கொடு. சும்மா கொடுக்கிற வேலையாக இருக்கக் கூடாது, அவர் இல்லாவிட்டால் நடக்காத வேலையாக இருக்க வேண்டும்.

எந்த வேலையைக் கொடுப்பது என்று அவள் ஒரு வாரம் யோசித்தாள். குட்டியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வருகிற வேலையைக் கொடுக்கலாமா என்று என்னைக் கேட்டாள். "கொடு. புள்ளைக்கும் பழக்கம் ஆகும்" என்றேன். இந்தக் கதையை நான் சொல்ல வேண்டியிருப்பதற்கு அந்தப் பதிலும் ஒரு காரணம்.

அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் வரவில்லை. ஆனால் அந்த ஒரு மாதம் நன்றாகத்தான் போனது. பெல் அடிப்பதற்கு இருபது நிமிஷம் முன்னாலேயே அவர் வாசலில் நிற்பார். குட்டியின் புத்தகப் பையை வாங்கி மாட்டிக்கொள்வார். நடக்கும்போது அவளைச் சுவர்ப் பக்கமாக விட்டுத் தான் ரோட்டுப் பக்கமாக வருவார். ஒரு நாள் இரண்டு பேரும் ஐஸ்கிரீம் தின்றுகொண்டே வந்ததை நான் பார்த்தேன். அவர் மூக்கில் ஒட்டியிருந்தது. குட்டி அதைச் சொல்லாமல் வைத்திருந்து, வாசலுக்கு வந்ததும் அம்மாவிடம் காட்டிக் கொடுத்துச் சிரித்தாள். அவரும் சிரித்தார். பழைய சிரிப்பில் கால்வாசி இருக்கும்.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை மத்தியானம், பிள்ளைகள் வெளியே வருகிற நேரத்தில், ஒரு லாரி வந்து இரும்புக் கம்பிக் கட்டை இறக்கியது. இறக்கவில்லை, தெருவே அதிர்கிற சத்தத்தோடு அப்படியே தள்ளிவிட்டார்கள்.

எங்கள் ஆலை அங்கிருந்து ஐந்து நிமிஷ நடை. போன் வந்து நாங்கள் ஓடினோம். வாசல் சுவரும் சாக்கடை மூடியும் சேர்கிற மூலையில் அவர் குப்புறக் கிடந்தார். குட்டி அவருக்கு அடியில் இருந்தாள். அவளுடைய ஒரு ஷூ மட்டும் வெளியே தெரிந்தது. குழந்தை அலறியதைக் கேட்டுப் பள்ளி வாட்ச்மேன் அவரைத் தூக்கப் போயிருக்கிறார். ஒரே அடி, வாட்ச்மேன் வாயில் ரத்தம். சுற்றி ஒரு கூட்டம். ஆளுக்கு ஒன்றாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் இன்னும் இறுக்கமாகப் படுத்தார்.

அவள் கூட்டத்தைப் பின்னால் போகச் சொன்னாள். கத்தவில்லை, ஆலையில் மேற்பார்வை பார்க்கிற குரலில் சொன்னாள். எல்லாரும் நகர்ந்தார்கள். அவள் சுற்றிக்கொண்டு அவர் தலைப்பக்கம் போனாள். அவர் கண்ணுக்கு நேரே, நாலடி தள்ளி, ரோட்டில் உட்கார்ந்தாள்.

"என்னங்க. நான் வந்திருக்கேன்."

"தலையைத் தூக்காத. ஒண்ணு விழுந்தா ரெண்டாவது விழும்."

"ரெண்டாவதும் விழுந்திருச்சுங்க. வண்டி போயிடுச்சு."

அவர் மூச்சு வாங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"எத்தனை பேரு?" என்றார்.

"மூணு பேரு. நீங்க, நான், குட்டி. மூணு பேரும் இருக்கோம்."

"எண்ணிப் பாத்தியா?"

"எண்ணிப் பாத்துட்டேன். புள்ளைய என்கிட்ட குடுங்க."

அவர் முழங்கையை ஊன்றி எழுந்தார். முதலில் அவளைப் பார்த்தார், பிறகு கீழே. குட்டி அழுகையை நிறுத்தியிருந்தாள். முகம் வெளுத்து, ஒரு தோள் மட்டும் கீழே இறங்கித் தெரிந்தது. அதற்கப்புறம் அவர் எதையும் தொடவில்லை. இரண்டு கையையும் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார், கையில் ஏதோ ஒட்டியிருப்பது போல.

குட்டிக்குக் கழுத்தோரத்துக் காறை எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கையைக் கழுத்தோடு சேர்த்துத் துணித் தூளி கட்டிப் படுக்க வைத்தார்கள். விரிப்பின் மூலையில் எங்கள் ஆலை முத்திரை. என் கை தன்னால் அதன் மடிப்பைத் தடவிப் பார்த்தது. குட்டி மருந்து மயக்கத்தில் இருந்தாள். கண் விழித்ததும் அம்மாவிடம் சொன்னாள்: "அப்பா ரொம்ப கனமா இருந்தாங்க. ஆனா எனக்குப் பயம் இல்ல. அப்பாவுக்குத்தான் பயம்."

அவர் வார்டுக்கு வெளியே நடைபாதையில் சுவரில் முதுகு ஒட்டி நின்றிருந்தார். உள்ளே வரச் சொல்லி அவள் கூப்பிட்டாள். வரவில்லை. அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள். அவர் சொன்னது இவ்வளவுதான்: "நான் அவளைக் காப்பாத்துறேன்னு நெனச்சேன்."

வாட்ச்மேன் புகார் கொடுக்கவில்லை. என் தம்பியும் பட்டாளத்துலதான் இருக்கான் என்று சொல்லிவிட்டார். அண்ணன்தான் குதித்தார். கட்டடத்துப் படிக்கட்டிலேயே நின்று பேசினார். தங்கச்சியும் குழந்தையும் இன்றைக்கே தன் வீட்டுக்கு வர வேண்டும் என்றார். "மூணு வருஷம் அந்தப் புள்ள மேல ஒரு கீறல் விழாம பாத்துக்கிட்டேன். இவரு வந்து மூணு மாசம் ஆகல." மேலே கதவு திறந்திருந்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அண்ணனுக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் அவர் வந்த அதே பையோடு இறங்கிப் போனார். நலப்பிரிவுக்கு ஒரு விடுதி இருந்தது, ஊருக்கு வெளியே. தானே போய்ச் சேர்ந்துகொண்டார். போகும்போது என் வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். ஏதாவது கிண்டலாகச் சொல்லுவார் என்று பாழும் மனசு எதிர்பார்த்தது. "கேட் கொண்டி லூசா இருக்கு அக்கா, போடச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன ஆறாவது நாள், மேசையில் முனையோடு முனை சேர்க்க வந்தவள் அப்படியே நின்றாள்.

"அக்கா, அவரு போன அன்னிக்கு நான் நல்லாத் தூங்கினேன்."

நான் முனையை வாங்கிக்கொண்டேன்.

"மூணு மாசத்துல அன்னிக்குத்தான் தூங்கினேன். காலைல எழுந்து டீத்தூள பழைய இடத்துல வச்சேன். வச்சுட்டு நிம்மதியா இருந்துச்சு. இதெல்லாம் ஒரு பொண்டாட்டி நெனைக்கிற நெனப்பா?"

கொஞ்ச நாள் போனால் சரியாகிவிடும் என்று இந்தத் தடவை நான் சொல்லவில்லை. எனக்கும் தெரியாதும்மா என்றேன். அவள் தலையாட்டிவிட்டு அடுத்த விரிப்பை எடுத்தாள்.

விடுதியில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பார்வையாளரை அனுமதித்தார்கள். முதல் தடவை அவள் மட்டும் போய் வந்தாள். இரண்டாவது தடவை குட்டியும் வருகிறேன் என்றாள். துணைக்கு நானும் போனேன். நடுவில் ஒரு பெரிய முற்றம், சுற்றிலும் அறைகள். அவர் முற்றத்தின் அந்தக் கோடியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார், ஆனால் கிட்டே வரவில்லை. வரப் பயந்தார். குட்டியும் போகவில்லை. தூளியைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கத்திலேயே நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் முப்பது நாற்பது அடி இருக்கும். அந்த முன்னாள் நர்ஸ் அம்மாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். யாரையும் யாரிடமும் தள்ளிவிடவில்லை.

குட்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அம்மாவின் போனைக் கேட்டாள். வாங்கி, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நின்று, கூப்பிட்டாள். முற்றத்தின் கோடியில் மணி அடித்தது. அவர் எடுத்தார்.

"அப்பா, நான்தான். எனக்குக் கையில தூளி போட்டிருக்காங்க. இன்னும் ஒரு வாரத்துல எடுத்துருவாங்க. வெள்ளப் பூன மறுபடி குட்டி போட்டிருக்கு. நாலு. ஒண்ணுக்குக் கண்ணு தெறக்கல."

அவர் என்ன சொன்னார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அவள் ம் ம் என்று கேட்டுக்கொண்டாள். அத்தையின் பிரெட்டைப் பற்றியும் ஏதோ சொன்னாள். பத்து நிமிஷம் பேசினாள். பேசப் பேசத் திரும்பி, அவரைப் பார்த்தாற்போல் நின்றாள். கடைசியில், "வைக்கட்டுமா?" என்று கேட்டு வைத்துவிட்டு, நடந்து போய் அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். அவர் தன் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

விடுதியிலிருந்து வெளியே வர எட்டு வாரம் ஆனது. வீட்டுக்கு வந்து மூன்று நாள் இருந்தார். நல்லபடியாகவே இருந்தார். எதையும் மாற்றி அடுக்கவில்லை, குட்டியின் நாற்காலியில் உட்காரவில்லை. ஆனால் குழந்தை படுத்திருக்கும் வீட்டில் அவரால் கண்ணை மூட முடியவில்லை. ராத்திரியெல்லாம் வாசல் படியில் உட்கார்ந்திருந்தாராம். நான்காம் நாள் அவரே சொல்லிவிட்டார். நகரத்துக்கு வெளியே ஏரிக்கரையில் தண்ணீர் ஏற்றும் நிலையம் ஒன்றில் ஆள் தேவை. குடியிருக்க ஓர் அறையும் உண்டு. நர்ஸ் அம்மாவும் தானும் பேசி ஏற்பாடு செய்தாயிற்று.

அவளுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அன்றைக்கு விரிப்பெல்லாம் கிழியாமல் தப்பித்தது பெரிய விஷயம். "போகும்போதும் என்னைக் கேக்கல, வரும்போதும் கேக்கல. இப்ப மறுபடி போறதுக்கும் அவரே முடிவு பண்ணிட்டாரு" என்றாள். அதையே அவரிடமும் சொல்லியிருக்கிறாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "இன்னொரு எலும்ப முறிச்சுட்டு உன்கிட்ட கேக்க முடியாது" என்றிருக்கிறார்.

மெத்தையையும் ஒரு மேசையையும் ஏரிக்கரைக்குக் கொண்டுபோய்ப் போட்டவர் அண்ணன். யாரும் கேட்கவில்லை, டிப்போ வண்டியோடு வந்து நின்றார். இறக்கி வைத்து முடித்ததும் அண்ணன், "அன்னிக்குப் படிக்கட்டுல பேசினது தப்பு" என்றாராம். "தப்பில்ல மச்சான், நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்" என்றாராம் இவர்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் தாயும் மகளும் போவார்கள், சாயங்காலப் பஸ்ஸில் திரும்புவார்கள். இரண்டு வருஷம் ஆகிவிட்டது. என்னையும் வரச் சொல்லிப் பல தடவை கூப்பிட்டு, போன மாதம்தான் ஒரு தடவை போனேன்.

நிலையம் என்பது ஒரு நீளக் கொட்டகை. உள்ளே மூன்று மோட்டார்கள். எந்நேரமும் இரண்டு ஓடும், ஒன்று ஓய்வெடுக்கும். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அவருக்கு அது பிடித்திருந்தது. சத்தம் சமமா இருந்தா ஒண்ணும் இல்ல அக்கா, திடீர்னு வர்றதும் திடீர்னு நிக்கறதும்தான் ஆகாது என்று காதருகே வந்து சொன்னார். மணிக்கொரு தடவை முள் காட்டுகிற அளவைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும், ஒரு சக்கரத்தைத் திருப்ப வேண்டும். குட்டி அளவைப் படித்துச் சொல்ல அவர் எழுதினார். எட்டு வயதாகிவிட்டது அவளுக்கு. இரண்டு பேரும் ஏரி மதகு வரை நடந்து போய் வந்தார்கள். கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. ஆனால் அவள் அவருடைய சட்டை ஓரத்தைப் பிடித்திருந்தாள்.

மதியம் அவரே சமைத்தார். சோறும் முட்டையும் கீரையும். மெதுவாகச் சாப்பிட்டார். குட்டியின் அம்மா சாப்பிட்டுவிட்டு அவருடைய மெத்தையில் சாய்ந்தவள் தூங்கிப்போனாள். அவர் ஈ விரட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கக் கையைக் கொண்டுபோனார். பாதியில் நிறுத்தினார். பிறகு ஒதுக்கினார். நான் வெளியே எழுந்து போய்விட்டேன்.

கிளம்பும்போது, "அடுத்த வாரம் மழை இருக்கும்னு சொல்றாங்க. வருவியா?" என்று கேட்டார்.

"குடை இருக்கு. வருவேன்" என்றாள்.

பஸ்ஸில் குட்டி ஏறியதும் தூங்கிவிட்டாள், தலை என் மடியில், கால் அவள் மடியில். ஏரி பின்னால் போனது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மனுஷர் தேறிட்டாரே, இன்னும் ஒரு வருஷத்துல வீட்டுக்கு வந்துருவாரு போலிருக்கே என்று நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

"வருவாரு" என்றாள். "நல்ல மனுஷன் அக்கா. பொறுமையா இருக்காரு. எனக்கும் இவரப் பிடிக்க ஆரம்பிச்சிருச்சு."

அப்புறம் என்ன என்றேன்.

அவள் குட்டியின் காலைத் தடவிக்கொண்டே பேசினாள். "அதுதான் அக்கா தாங்கல. அன்னிக்கு எல்லைக்குக் கெளம்பும்போது படியில நின்னு, கிளீனர் போயிட்டு வர்றேன்னு சிரிச்சாரே, அவரு வரல. மூணு வருஷம் நான் அவருக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். எந்த எடத்துல போனாரு, எந்த நாள்னு கூட எனக்குத் தெரியாது. செத்திருந்தா நாலு பேரு வந்து கூட உக்காந்து அழ வச்சிருப்பாங்க. எல்லாரும் என்கிட்ட, உசுரோட வந்துட்டாரு, சந்தோஷமா இருன்னுதான் சொன்னாங்க. இப்ப இவரு முடிய ஒதுக்கிவிட்டாரு, நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். நல்லா இருந்துச்சு. அவருக்குத் துரோகம் பண்ற மாதிரியும் இருந்துச்சு."

சொல்லி முடித்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதலில் தோள்தான் ஆடியது. பிறகு சத்தம் வந்தது. அடி வயிற்றிலிருந்து வந்த சத்தம். முன் இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கவலைப்படவில்லை. குட்டி விழித்து அம்மாவைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் காலை இன்னும் கொஞ்சம் அவள் மடிக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள். நான் அவள் முதுகில் கை வைத்திருந்தேன். இரண்டு நிறுத்தம் போனது, மூன்றாவதும் போனது.

கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தவர் எங்கள் இருக்கையருகே நின்றுவிட்டார். என் பக்கம் குனிந்து, மெல்லிய குரலில், "யாராவது தவறிட்டாங்களாம்மா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.